பதிவறையில் ஓர் இருமல்

காணாமல் போனது ஒரு குரல்.

பணமோ நகையோ போயிருந்தால் இவாமுரோவுக்கு வேலை தெரியும். பூட்டைப் பார்க்கலாம், சன்னலைப் பார்க்கலாம், அடகுக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். ஒரு மனுஷியின் தொண்டைக்குள் இருந்ததை எங்கே போய்த் தேடுவது? தோக்கியோவில் மழைக்காலம். நிலவறைக்கு இறங்கும் படிகளில் நனைந்த காலணி வழுக்கியது. முழங்கால் வலியோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார் அந்தப் போலீஸ் அதிகாரி.

கீழே வரவேற்பறையில் ஒரு சோபா. அதில் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு தோமினாகா உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய ஒல்லியான பெண்மணி. தெருவில் போனால் யாருக்கும் அடையாளம் தெரியாது. வாயைத் திறந்தால் நாட்டுக்கே தெரியும். தொலைக்காட்சிப் பொம்மைப் படத்தில் ரென் என்ற படகுக்காரப் பையனுக்குப் பேசுகிறவர் அவர்தான். ரெனுக்கு வயது பன்னிரண்டு. எத்தனை வருஷம் ஓடினாலும் பன்னிரண்டுதான். இவாமுரோவின் மகள் அந்தக் குரலைக் கேட்டால்தான் வாயைத் திறந்து சோறு வாங்குவாள். இப்போது அவளுக்கே ஒரு பிள்ளை.

இன்றைக்கு அந்த வாய் மூடியிருந்தது. மடியில் காகிதமும் பென்சிலும்.

"என்ன நடந்தது? சுருக்கமாச் சொல்லுங்க."

பதில் சொன்னவர் குரல் இயக்குநர் மியாஷிதா. எல்லா நடிகரையும் பேச வைத்து வேலை வாங்குகிறவர்.

"விஷம் வச்சுட்டாங்க ஐயா."

"விஷமா?"

"மிளகாய். நீங்களும் நானும் தின்னா தண்ணி குடிச்சாப் போயிரும். குரலை வச்சுப் பிழைக்கிறவங்களுக்கு அது விஷம்தான்."

மேசை மேல் தோமினாகாவின் ஃபிளாஸ்க். இவாமுரோ மூடியைத் திறந்தார். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. மூடிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பக் குடிச்சீங்க?"

பென்சில் ஓடியது. 'நிஜப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் காட்சியில் வசனம் இல்லை, பின்னால் பெஞ்சில் இருந்தேன். புதுப்பெண் எழுந்து மைக் முன் போய் நின்றாள். அப்போது ஒரு வாய் குடித்தேன். தொண்டை பற்றி எரிந்து இருமல் வந்தது.'

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

'பதிவு முடியட்டும். நாளை என் வைத்தியரிடம் போவேன்.'

"அதான் எங்க தோமினாகா அம்மா" என்றார் மியாஷிதா. அவர் கண் கலங்கியிருந்தது. "உசிரே போனாலும் வேலை நிக்கக் கூடாதும்பாங்க."

"யார் மேல சந்தேகம்?"

மியாஷிதா வாயால் சொல்லவில்லை. தாடையால் காட்டினார். பதிவறையின் கனத்த கதவை ஒட்டி, சுவரோடு சுவராக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். உட்கார நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

அவளை இவாமுரோ தண்ணீர்க் கெட்டில் இருந்த மூலைக்கு அழைத்துப் போனார்.

"பேரு?"

"உகாய் ஷிஹோ."

"எத்தனை நாளா இங்க?"

"இன்னிக்குத்தான் முதல் நாள். பாத்திரத்துக்குப் பேர்கூடக் கிடையாது. ஒரே ஒரு வசனம்."

"காலைல ஏதோ தகராறுன்னாங்களே."

அவள் முகம் சிவந்தது. "பெஞ்சுல நடுவுல உட்கார்ந்துட்டேன். அது தோமினாகா அம்மாவோட இடம். புதுசா வர்றவ கதவோரம் உட்காரணும். மூத்தவங்க வரப்போகக் கதவைத் திறந்து பிடிக்கணும். எனக்குத் தெரியும் ஐயா, வகுப்புல சொல்லித் தந்திருக்காங்க. பதற்றத்துல மறந்துட்டேன்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"'இந்த இடத்துக்கு வர எனக்குப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. நீ பதினஞ்சு நிமிஷத்துல வந்துட்டியே, பரவாயில்லையே'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

"கோபம் வந்துச்சா?"

"அழுகை வந்துச்சு. அழுதாத் தொண்டை கட்டிக்கும்னு அடக்கிக்கிட்டேன்."

இவாமுரோ காகிதக் கோப்பையில் தேநீர்ப் பொட்டலத்தைப் போட்டு, கெட்டிலிலிருந்து கொதிநீரை ஊற்றினார். உதட்டில் வைத்து உர்ரென்று உறிஞ்சினார். அந்தச் சத்தத்துக்கு ஷிஹோவின் தோள் துள்ளியது.

"என்னாச்சு?"

"மன்னிச்சுக்கோங்க. காலைல இருந்து சத்தம் போடாதே, சத்தம் போடாதேன்னு கேட்டுக்கேட்டு, இப்ப யார் சத்தம் போட்டாலும் நான்தானோன்னு உதறுது."

அவளையறியாமல் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அணைந்தது.

"வெந்நீர் ஊத்தினது நீதானே?"

"ஆமா. இடைவேளைல அவங்கதான் கேட்டாங்க. இந்தக் கெட்டில்தான். கொதிச்ச உடனே ஊத்தி, மூடி, ரெண்டு கையாலயும் அவங்க கையில குடுத்தேன். அவங்க உள்ள போனாங்க. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எல்லாரும் போனப்புறம் கடைசியா நான் போனேன்."

"அப்புறம் யாரும் அதைத் தொடலையா?"

"அவங்க காலடியிலதான் இருந்துச்சு. மத்தவங்க மைக்குகிட்ட நின்னாங்க." தன் கழுத்தில் தானே கயிற்றை மாட்டிக்கொள்கிறோம் என்று அவளுக்கே புரிந்தது. ஆனாலும் மாற்றிச் சொல்லவில்லை. "நான் எதையும் போடல ஐயா. எனக்கு வேலை பிடிச்சுக் குடுக்கற கம்பெனியில இருந்து ஃபோன் வந்துச்சு. ஆறு மணிக்குள்ள போலீஸ் வேற ஆளைச் சொல்லலைன்னா என் பேரை எடுத்துடுவாங்களாம். ஒரு தடவை பேரை எடுத்துட்டா இந்தத் தொழில்ல வேற யாரும் வாசப்படி ஏத்த மாட்டாங்க. ராத்திரியெல்லாம் கடையில பெட்டி அடுக்கி, பகல்ல பாடம் படிச்சு வந்தேன். இந்த ஒரு வசனத்துக்கு."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து தாண்டியிருந்தது.

பெஞ்சைப் பார்க்க வேண்டும் என்றார் இவாமுரோ. ஒலிப்பதிவாளர் நெமோதோ கதவு வரை வந்து வழியை மறித்தார். பருத்த உடம்பு, மெல்லிய குரல்.

"மழைக்கோட்டைக் கழட்டிருங்க."

"நான் துப்பு விசாரிக்க வந்திருக்கேன், பாட்டுப் பாட இல்ல."

"யாரா இருந்தாலும். உள்ள சரசரன்னு எதுவும் வரக் கூடாது. பையில சில்லறை இருந்தா அதையும் வச்சுட்டுப் போங்க."

கழற்றினார். உள்ளே நான்கு மைக்குகள் வரிசையாக, எதிரே படம் ஓடும் திரை. பின்சுவரை ஒட்டி நீண்ட பெஞ்சு. நடுவில் தோமினாகாவின் இடம். இவாமுரோ அங்கே போய் உட்கார்ந்தார். காது அடைத்துக்கொண்ட மாதிரி ஓர் அமைதி. மதியம் சாப்பிடாத வயிறு ஒரு முறை இரைந்தது.

உடனே கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிபெருக்கியில் நெமோதோ: "ஐயா, பசியோட இருக்கீங்க போல. மேசை மேல சோத்து உருண்டை இருக்கு, எடுத்துக்கோங்க."

"இங்கேருந்து அங்க கேக்குதா?"

"நீங்க எச்சில் முழுங்கினாக்கூட."

"அப்போ பதிவு ஓடுறப்ப யாராவது சத்தம் போட்டா?"

"அந்த இடத்துலயே நிறுத்திருவேன். எல்லாரும் மறுபடி முதல்ல இருந்து பேசணும். அதனாலதான் மூத்தவங்க எரிஞ்சு விழறாங்க. சத்தமில்லாம வசனத் தாளைப் புரட்டப் பழகவே புதுசா வர்றவங்களுக்குப் பல மாசம் ஆகும்."

வெளியே வந்தபோது கசாய் என்ற நடிகை அவருக்காகக் காத்திருந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"என்னையும் கேட்டுருங்க. தோமினாகா அம்மாவால முடியலைன்னா ரென் பாத்திரம் எனக்குத்தான் வரும்னு ஊரே பேசுது. யாரோ சொல்லி நீங்க கேக்கறதுக்கு நானே சொல்லிடறேன்."

"இருமல் வந்தப்ப நீங்க எங்க?"

"மைக்குல. ரெனோட தோழனுக்குப் பேசறது நான்தான். ஷிஹோ வசனம் அந்தத் தோழன்கிட்ட சொல்றதுதான். அவ சொல்லி முடிச்சா, நான் பதில் சொல்ல மூச்சு எடுத்தேன், பின்னால இருமல். திரும்பிப் பாத்தா அம்மா துண்டுல முகத்தைப் பொத்திக்கிட்டுக் குனிஞ்சிருந்தாங்க."

"இருமல் வராம இருந்தா அடுத்து என்ன?"

"ரென் வந்து ஆத்துக்கு அந்தக் கரையைப் பாத்துக் கத்தணும். பெரிய கத்தல். இந்த வாரக் கதையே அதுலதான் நிக்குது."

"ஒத்திகைல நல்லாக் கத்தினாங்களா?"

"ஒத்திகைல யாரு கத்துவா? வாய்க்குள்ள முணுமுணுத்துட்டு விட்டாங்க. மூத்தவங்க எல்லாருமே அப்படித்தான், நிஜப் பதிவுக்குச் சேத்து வச்சுக்குவாங்க."

"போன வாரம் நிஜப் பதிவுல?"

கசாய் யோசித்தாள். "போன வாரம் கத்தலை எல்லாம் தனியாப் பேசிக்கிறேன்னு சொல்லி எங்களை முன்னாடியே அனுப்பிட்டாங்க. அதுக்கு முந்தின வாரமும்தான். இப்ப நீங்க கேக்கவும்தான் தோணுது."

மணி ஐந்தரை. வரவேற்பறையில் ஷிஹோவின் கைப்பேசி ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. அவள் எடுக்கவில்லை.

இவாமுரோ புதிதாக ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் இருந்த நெமோதோவின் அறைக்குப் போய் உட்கார்ந்தார்.

"அந்த இருமல் வந்த இடத்தைப் போடுங்க."

ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார் நெமோதோ. கேட்டது இவ்வளவுதான். கசாயின் குரல் ஒரு வசனத்தை முடிக்கிறது. பிறகு ஒன்றுமில்லை, மெத்தென்ற காலடி மட்டும், ஷிஹோ மைக்குக்கு வருகிறாள். மறுபடி ஒன்றுமில்லை. பிறகு அவள் வசனம்: "அண்ணா, ஆறு ஏறுது. படகை அவுத்துடாதீங்க. எங்க அம்மா இன்னும் அந்தக் கரையிலதான் நிக்கிறாங்க. கொஞ்சம் பொறுங்க அண்ணா." கடைசிச் சொல் நடுங்கி முடிகிறது. கசாய் மூச்சை இழுக்கும் சத்தம். அப்போது, துண்டுக்குள்ளிருந்து அமுங்கிய இருமல்.

"பாருங்க" என்றார் மியாஷிதா, பின்னால் நின்றபடி. "நெருப்பை முழுங்கிட்டு, அந்தச் சின்னப் பொண்ணோட வசனம் கெடக் கூடாதுன்னு அடக்கிக்கிட்டு இருந்திருக்காங்க. நீங்க அவளைப் பிடிச்சுட்டுப் போறதை விட்டுட்டு..."

"இன்னொரு தடவை போடுங்க."

மறுபடி அந்த அமைதி. இவாமுரோவுக்கு நாக்கு வறண்டிருந்தது. கையிலிருந்த தேநீரை உதட்டில் வைத்தார். உர்ர்.

ஹெட்ஃபோனுக்குள் இருந்த அமைதியில் அவருடைய சத்தமே அவருக்குத் தகரம் கிழிந்த மாதிரி கேட்டது. கோப்பையை வாயிலிருந்து எடுக்காமலே அப்படியே இருந்தார். பிறகு மெதுவாக மேசையில் வைத்தார்.

"நெமோதோ, எல்லாரையும் கூப்பிடுங்க. தோமினாகா அம்மாவையும்."

சின்ன அறைக்குள் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தோமினாகாவுக்கு மட்டும் நாற்காலி. ஷிஹோ வழக்கம்போலக் கதவோரம்.

"கசாய், உங்க ஃபிளாஸ்க் இருக்கா? கெட்டிலைக் கொதிக்க வச்சு அதுல ஊத்திக்கோங்க. உள்ள போய் பெஞ்சு நடுவுல உட்காருங்க. பதிவு ஓடுறதுக்கு அடையாளமா சிவப்பு விளக்கு எரியும். எரியறப்ப ஒரு வாய் குடிங்க. சத்தம் வரக் கூடாது. அவ்வளவுதான்."

"இதென்ன விளையாட்டு? மணி என்ன ஆகுது தெரியுமா?" என்றார் மியாஷிதா.

"தெரியும். அந்தப் பொண்ணுக்குத்தான் எல்லாரையும் விட நல்லாத் தெரியும்."

கண்ணாடிக்கு அப்பால் கசாய் உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது. மூடியைச் சத்தமில்லாமல் திறந்தாள். அது அவர்களுக்குக் கைவந்த வேலை. ஃபிளாஸ்க்கைச் சாய்த்தாள். உதடு பட்டதும் தலை தானாகப் பின்வாங்கியது. மறுபடி சாய்த்தாள். ஒலிபெருக்கியில் எல்லோர் காதிலும் விழுந்தது: உர்ர்.

மூன்றாவது முறை காற்றை இழுக்காமல் குடிக்கப் பார்த்தாள். நாக்கைச் சுட்டுக்கொண்டு "ஆ" என்று கத்திவிட்டாள்.

"முடியாது ஐயா" என்றாள், கண்ணில் நீரோடு. "கொதிக்கற தண்ணியைச் சத்தம் போடாம யாரு குடிப்பா? விளக்கு எரியறப்ப நாங்க ஆறின தண்ணிதான் குடிப்போம்."

இவாமுரோ தோமினாகா பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு ஊத்தினது கொதிச்சு இறக்கின தண்ணி. நான் வந்து திறந்தப்பக்கூட ஆவி முகத்துல அடிச்சுது. அதுல ஒரு வாய், பதிவு ஓடுறப்பக் குடிச்சேன்னு எழுதிக் காட்டினீங்க. என் வயிறு இரைஞ்சதைக் கேட்ட மைக் அங்க இருக்கு. ஆனா அந்தப் பதிவுல உறிஞ்சற சத்தம் இல்ல, முழுங்கற சத்தம் இல்ல. ஒண்ணுமே இல்ல. நீங்க அதைக் குடிக்கவே இல்ல அம்மா."

பென்சில் காகிதத்தைத் தொட்டது. தொட்டதும் விலகியது.

"குடிக்காதவங்க குடிச்சேன்னு ஏன் சொல்லணும்? மிளகாயைப் போட்டதும் அவங்களா இருந்தாத்தான். ஃபிளாஸ்க் இவ கையிலேருந்து நேரா உங்க கைக்கு வந்துச்சு. அப்புறம் உங்க காலடியை விட்டு நகரல. தொண்டை வெந்துபோச்சுன்னு சொல்றவங்க, அந்தத் தொண்டையை வச்சுப் பிழைக்கிறவங்க, ஆஸ்பத்திரிக்கு மட்டும் போக மாட்டேன்னாங்க. போனா ஒண்ணும் வேகலைன்னு டாக்டர் சொல்லிடுவார்."

"பொறுங்க ஐயா, பொறுங்க" என்றார் மியாஷிதா. "அப்படிச் சத்தம் இல்லாததுதான் தப்புன்னா, ஒரு சத்தத்தைப் போட்டுட்டுப் போயிருப்பாங்களே! நடிக்கத் தெரியாதவங்களா அவங்க?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். வேற யாரா இருந்தாலும் உர்ருன்னு உறிஞ்சி, ஃபிளாஸ்க்கைக் கீழ போட்டு, மைக்கைப் பாத்து இருமி ஊரைக் கூட்டியிருப்பாங்க. நீங்க சத்தமே போடல. இவ வசனம் முடியட்டும்னு காத்திருந்தீங்க. இவளையே மாட்டி விடப் போறீங்க, இவ வசனத்தை மட்டும் ஏம்மா காப்பாத்தினீங்க?"

தோமினாகா பென்சிலை மேசையில் வைத்தார். அதுகூடச் சத்தமில்லாமல்தான் வைத்தார்.

"அடுத்தவங்க வசனத்து மேல..." என்றார்.

அறையில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். அது ரெனின் குரல் இல்லை. நனைந்த மரக்கட்டையை அறுப்பது போல ஒரு குரல். பாதிச் சொல்லுக்கு ஒலி வந்தது, பாதிக்குக் காற்று வந்தது.

"அடுத்தவங்க வசனத்து மேல நான் இருமினதே இல்ல. வரல. எவ்வளவு நினைச்சும் வரல."

"எத்தனை நாளா இப்படி?" மியாஷிதாவின் குரலும் இறங்கிவிட்டது.

"குளிர்காலத்துலேருந்து. பேசறதைச் சமாளிச்சுட்டேன். கத்தறது இல்ல; தனியா நின்னு பல தடவை கத்தினா ஒண்ணு தேறும். இன்னிக்குத் தனியாப் பேச விட மாட்டேன்னு நீ சொல்லிட்ட. மதியம் நூடுல்ஸ் கடையில மிளகாய்த்தூளைப் பாத்தேன். கிழவிக்குக் குரல் போயிருச்சுன்னு சொல்றதை விட, யாரோ பாவி பறிச்சுட்டான்னு சொன்னா..." மூச்சு வாங்கியது. "இந்தப் பொண்ணு மேல விழும்னு நினைக்கல."

"நினைக்கலையா?"

கதவோரத்திலிருந்து வந்தது அந்தக் கேள்வி. முதல் நாள் வந்தவள், மூத்தவர் பேசும்போது இடையில் பேசினாள். ஷிஹோ கதவை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். குரல் நடுங்கவில்லை.

"கெட்டில் உங்க பக்கத்துலயே இருந்துச்சு அம்மா. என்னைக் கூப்பிட்டுத்தானே ஊத்தச் சொன்னீங்க?"

தோமினாகா அவளைப் பார்த்தார். பார்வையை எடுத்துக்கொள்ள முடியாமல் பார்த்தார். பிறகு எழுந்து, துண்டை அவிழ்த்துவிட்டு, இடுப்பு மடிய அவள் முன் குனிந்தார். தலை நிமிரவே இல்லை. மியாஷிதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம்" என்றாள் ஷிஹோ. கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து நீட்டினாள். "எங்க கம்பெனிக்கு ஃபோன். இன்னும் கொஞ்ச நேரத்துல ஆறு. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க." தோமினாகா அதை வாங்கிக்கொண்டார்.

ஷிஹோவின் கம்பெனி முதலாளிதான் எடுத்தார். தோமினாகாவோடு பல வருஷம் பழகியவர்.

"ஹலோ?"

"நான்... தோமினாகா பேசறேன்."

"யாரு?"

"தோமினாகா."

"யாருங்க விளையாடறது? அந்தம்மா குரல் எனக்குத் தெரியாதா? ஏற்கெனவே இங்க தலைக்கு மேல பிரச்சினை, ஃபோனை வைங்க."

மியாஷிதா கைப்பேசியை வாங்கக் கை நீட்டினார். இவாமுரோ அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். இதை அந்தம்மாவே சொல்லி முடிக்க வேண்டும்.

தோமினாகா கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை மாதமாக மூடி வைத்ததைத் திறப்பவர்போல, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"தோமினாகாதான் பேசறேன். வச்சுடாதீங்க. இனிமே இதுதான் என் குரல். அந்தப் பொண்ணு எதுவும் செய்யல. ஃபிளாஸ்க்ல மிளகாயைப் போட்டது நான்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"அம்மா..." என்றது முதலாளியின் குரல், வேறு ஆள் மாதிரி. "எப்பலேருந்தும்மா?"

தோமினாகா கண்ணைத் திறந்தார். கைப்பேசியை இரண்டு கைகளாலும் ஷிஹோவிடம் கொடுத்தார்.